பத்தொன்பதில் இன்னொரு கார்டு

அன்புள்ள சேது,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்ததற்கு நீ திட்டுவது இங்கே லாஸ் வேகஸ் வரைக்கும் கேட்கிறது. திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் பழைய கதைதான். பேத்திக்குக் காது குத்திய படம் பார்த்தேன். மூக்கு உன்னுடையது, பாவம் குழந்தை.

விஷயத்துக்கு வருகிறேன். ரங்கன் டல்லஸிலிருந்து வந்திருந்தான். வந்தவன் சும்மா இல்லாமல் ஒரு பிளாக்ஜாக் டோர்னமென்டில் பேர் கொடுத்து, முதல் பரிசையும் தட்டிக்கொண்டு போய்விட்டான். நம்ம ரங்கன்தான்டா, மெஸ் பில் காசை மங்காத்தாவில் விட்டுவிட்டு உன்னிடம் வந்து நின்றவன். உனக்கும் போன் பண்ணி, "எல்லாம் அதிர்ஷ்டம்டா" என்று அடக்கமாகச் சொல்லியிருப்பான். அதை நம்பாதே. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கடைசி ஆட்டத்தை முழுசாகப் பார்த்தவன் நான். அதை ஒரு கணக்கு வாத்தியாரிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். பிளாக்ஜாக்கில் கார்டு மதிப்பைக் கூட்டி 21-ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகம் எடுக்க வேண்டும், தாண்டினால் உடைந்து தோற்றுப்போவாய். ராஜா, ராணி, ஜாக் எல்லாம் பத்து, ஆஸ் ஒன்றோ பதினொன்றோ. டீலர் 17 வரும் வரை எடுத்தே ஆக வேண்டும். சாதாரண பிளாக்ஜாக்கில் எதிரி, காசினோவுக்காகச் சீட்டுப் போடும் அந்த டீலர் ஒருத்தர்தான். பக்கத்தில் இருப்பவன் ஜெயித்தால் நமக்கென்ன, தோற்றால் நமக்கென்ன. டோர்னமென்டில் கதை அப்படியே தலைகீழ். எல்லோருக்கும் ஒரே அளவு சிப் கொடுத்து உட்கார வைப்பார்கள். அந்த சிப்புக்கு வெளியில் காசு மதிப்பு கிடையாது. இத்தனை ஆட்டம் என்று கணக்கு, முடியும்போது யார் கையில் அதிகம் இருக்கிறதோ அவருக்குப் பரிசு. டீலர் எல்லோரையும் தோற்கடித்தாலும் சரி, அதில் யார் குறைவாகத் தோற்றார் என்பதுதான் கேள்வி. விழுந்த கார்டுகளை நினைவில் வைத்து மிச்சத்தைக் கணிக்கிற பெரிய பெரிய கார்டு எண்ணும் ஆட்கள்கூட இங்கே வந்து முழிப்பார்கள். இருபது முப்பது ஆட்டத்தில் எண்ணி என்ன ஆகப்போகிறது? 2004-ல் டிவிக்காக நடந்த பிளாக்ஜாக் உலகத் தொடரில் முதல் பட்டம் வாங்கிய மைக் அபான்டே, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக் கார்டு எண்ணும் குழுவில் இருந்தவர்தான். ஆனால் டோர்னமென்டில் கைகொடுப்பது அந்த வித்தை இல்லை. அடுத்தவன் சிப் அடுக்கைப் பார்த்து நம் பந்தயத்தை வைப்பது வேறு வித்தை.

கடைசி ஆட்டத்துக்கு முன்னால் எல்லோருடைய சிப்பையும் எண்ணி உரக்கச் சொன்னார்கள். ஏழு பேரில் மூன்று பேர்தான் மிச்சம். ஊதாத் தொப்பி போட்ட ஒரு அம்மாளிடம் 7,400. ரங்கனிடம் 6,000. தாடிக்காரக் கிழவர் ஒருவரிடம் 3,500. பந்தயம் குறைந்தது 100, அதிகபட்சம் 5,000. இரண்டாம் பரிசு பேருக்குத்தான், அதனால் முதலிடம் இல்லையென்றால் ஒன்றுமில்லை.

யார் முதலில் பந்தயம் வைப்பது என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் சுற்றி வரும். அன்று கடைசி ஆட்டத்தில் முதல் முறை தொப்பி அம்மாளுடையது. முன்னணியில் இருப்பவருக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. பின்னால் வைப்பவனுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறதே! இந்த அநியாயத்துக்காகவே 2006-ல் ஆரம்பித்த இன்னொரு டிவி தொடரில் ரகசியப் பந்தயம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள், தொகையை மூடி வைத்துக்கொள்ளலாம். இங்கே அதெல்லாம் இல்லை.

அந்த அம்மாள் உதட்டை அசைத்து ஒரு கணக்குப் போட்டார். ரங்கன் அதிகபட்சம் 5,000 வைத்து ஜெயித்தால் 11,000. அதைத் தாண்ட அவருக்கு 3,700 போதும், ஜெயித்தால் 11,100. அதையே வைத்தார். கேட்கிறவர்களுக்கு நல்ல கணக்காகத்தான் படும். ஆனால் தோற்றால் அவர் கையில் மிஞ்சுவதும் 3,700-தான்.

அடுத்து ரங்கன். அரை நிமிஷம்தான் அவகாசம். என் பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் 5,000, 5,000 என்று முணுமுணுத்தார்கள். கடைசி ஆட்டம், பின்தங்கியிருக்கிறான், முழுசையும் தள்ள வேண்டியதுதானே? நம்ம ஆள் நிதானமாக 2,200 எண்ணி வைத்தான். பின்னாலிருந்து ஒருத்தன் சிரித்தே விட்டான்.

நீயே கணக்குப் பார். 5,000 வைத்து இரண்டு பேரும் ஜெயித்தால் அவருக்கு 11,100, இவனுக்கு 11,000. அவ்வளவுதான், கதை முடிந்தது. மீதி 1,000-ஐயும் போட்டு டபுள் பண்ணினால், அதாவது கார்டைப் பார்த்த பிறகு பந்தயத்தைக் கூட்டினால், 12,000 வரும், உண்மைதான். ஆனால் டபுளுக்கு ஒரே ஒரு கார்டுதான் தருவார்கள், கேட்டுக் கேட்டு வாங்க முடியாது. தோற்றால் ஓட்டாண்டி. 2,200 வைத்தால்? தோற்றாலும் 3,800 மிஞ்சும். அந்த அம்மாளைவிட 100 அதிகம்! அவர் தோற்கும் ஆட்டங்களில் இவன் தோற்றாலும் ஜெயித்தாலும் அவருக்கு மேலேதான். அவருக்கு டிரா ஆனால் 7,400, அப்போது இவன் ஜெயித்தால் 8,200. ரம்மியில் நீ சீட்டைக் கவிழ்த்து, கொஞ்சப் பாயின்டோடு ஸ்கூட் விட்டுவிட்டு, அடுத்தவன் முழுப் பாயின்டும் ஏறி ஃபுல் கவுண்ட் வாங்கும் வரைக்கும் பல்லைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே, அதே புத்தி. உன்னிடம்தான் கற்றிருக்கிறான் திருட்டுப் பயல்.

இதற்கு அடியில் இருக்கும் விஷயம் ரொம்பச் சின்னது. பிளாக்ஜாக்கில் ஒரு கை ஜெயிப்பது சுமாராக 100-க்கு 43 தடவை, தோற்பது 49, மீதி டிரா. ஆக, "நான் ஜெயித்தே ஆகவேண்டும்" என்ற நிலையில் இருப்பவன் எப்போதும் பாதிக்குக் கீழேதான் நிற்கிறான். அந்தக் கட்டாயத்தை எதிராளி தலையில் கட்டிவிட வேண்டும். அந்த அம்மாள் 3,700 வைத்ததும் கட்டாயத்தைத் தன் தலையிலேயே தூக்கி வைத்துக்கொண்டார். ரங்கன் அந்தப் பக்கமே போகவில்லை.

கிழவர் 3,500-ஐயும் அப்படியே தள்ளினார். அவர் தள்ளாமல் என்ன செய்ய?

கார்டு விழுந்தது. டீலருக்குத் திறந்து வைத்த மேல் கார்டு 9. அம்மாளுக்கு ஒரு ராஜாவும் ஒன்பதும், 19. கையை வீசி நிறுத்திவிட்டார். கிழவருக்கு 14. ரங்கனுக்கு 9-ம் 2-ம், மொத்தம் 11.

ஆட்டம் தெரிந்த எவனும் 11-ல், எதிரில் டீலருக்கு 9 இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு டபுள் பண்ணுவான். எந்தக் கைக்கு என்ன செய்வது என்று கடையில் விற்கும் அட்டையிலும் அதுதான் போட்டிருக்கும். ரங்கன் பண்ணவில்லை. டபுள் ஜெயித்தால் 10,400, அம்மாளின் 11,100-ஐத் தொடாது. அவருக்கு டிரா என்றால் ஒற்றைப் பந்தயமே போதும். தோற்றால் மட்டும் 3,800 போய் 1,600 ஆகிவிடும். வருவது ஒன்றுமில்லை, போவது எல்லாம். சும்மா ஒரு கார்டு கேட்டான். 8 வந்தது. இவனுக்கும் 19.

இப்போதுதான் வேடிக்கை. ரங்கன் மேஜையை விரலால் மறுபடி தட்டினான்.

டீலர் பெண் கையை நிறுத்திவிட்டாள். "சார், உங்களிடம் பத்தொன்பது" என்றாள். இவன் தலையாட்டிவிட்டு இன்னொரு தட்டு. அவள் திரும்பி, பின்னால் நின்ற மேற்பார்வையாளருக்குக் கேட்கும்படி, "பத்தொன்பதில் கார்டு கேட்கிறார்" என்று குரல் கொடுத்தாள். அந்த ஆள் வந்து ரங்கனை ஏற இறங்கப் பார்த்தான். எனக்கே வயிற்றைப் பிசைந்தது.

ஆனால் யோசித்துப் பார். டீலர் 17, 18-ல் நின்றாலோ 21 தாண்டி உடைந்தாலோ அம்மாள் ஜெயித்துவிட்டார், ரங்கன் கையில் என்ன இருந்தாலும் பிரயோஜனமில்லை. டீலருக்கு 20, 21 வந்தால் அம்மாள் காலி, அப்போது ரங்கன் உடைந்திருந்தாலும் 100 சிப் மேலே. டீலருக்கும் 19 வந்தால் அம்மாளுக்கு டிரா, அப்போது மட்டும் ரங்கனுக்கு 20-ஓ 21-ஓ வேண்டும். அந்த இடத்தில் 19-ல் நிற்பதும் உடைவதும் அவனுக்கு ஒன்றுதான். அப்புறம் ஏன் நிற்க வேண்டும்? டீலருக்கு மேல் கார்டு 9 என்றால் 19-ல் முடிவது 100-க்கு 35 தடவை, 20 அல்லது 21 வருவது 18 தடவை. ரங்கனுக்கு ஆஸோ ரெண்டோ விழ 13-க்கு 2 வாய்ப்பு, அந்த 35-ல் அது சுமார் 5. நின்றால் 18, கேட்டால் சுமாராக 23. ஓசியில் கிடைக்கிற அஞ்சு. நான் இதை வீட்டுக்கு வந்து பேப்பரில் போட்டுப் பார்த்துத்தான் நம்பினேன். அவன் அங்கேயே அரை நிமிஷத்தில் போட்டிருக்கிறான்.

வந்தது 7. உடைந்தான். "ஐயோ" என்று சத்தம். கிழவர் 14-ல் கேட்டு பத்து வாங்கி அவரும் உடைந்தார். டீலர் மூடிய கார்டைத் திருப்பினாள்: 2. ஆக 11. அடுத்த கார்டு ராணி. 21.

அம்மாளுக்கு 3,700. நம்ம ஆளுக்கு 3,800. உடைந்த கையை வைத்துக்கொண்டு முதல் பரிசு! சிரித்தவனைத் திரும்பிப் பார்த்தேன், ஆளைக் காணோம்.

19-ல் கேட்ட கார்டு கடைசியில் எதையும் மாற்றவில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் வாசலில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். 2,200 பற்றி ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை.

எனக்கும் ரங்கனுக்கும் சண்டை அந்த அம்மாளைப் பற்றி. அவர் 1,300 வைத்திருக்க வேண்டும் என்கிறேன். தோற்றாலும் 6,100, ரங்கன் ஜெயிக்காமல் தாண்டவே முடியாது. ஜெயித்தே ஆகவேண்டும் என்ற அந்த 43 ரங்கன் தலையில் விழுந்திருக்கும். இவன் என்னடாவென்றால், முன்னணியில் இருப்பவர் அடித்து ஆட வேண்டும், கிழவர் வேறு 7,000-க்கு வரலாம், அதனால் அவர் செய்தது சரி என்கிறான். தான் ஜெயித்த ஆட்டத்தில் எதிராளி முட்டாள் என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

இனி சொல்லப்போவதைச் சாந்தியிடம் சொல்லாதே.

பரிசு வாங்கி ஒரு மணி நேரம் ஆகவில்லை, ரங்கன் நிஜக் காசு வைத்து ஆடும் மேஜையில் உட்கார்ந்துவிட்டான். டோர்னமென்டில் நுழைவுக் கட்டணத்தோடு நம் நஷ்டம் நின்றுவிடும். ஆனால் கூடத்தைச் சுற்றி அந்த மேஜைகளைப் போட்டிருப்பது சும்மா இல்லை. முதல் இரண்டு கார்டிலேயே ஆஸும் பத்தும் விழுவதைத்தான் பிளாக்ஜாக் என்பார்கள், அதற்குக் கூடுதல் பணம் உண்டு. அவன் உட்கார்ந்த மேஜையில் அது விழுந்தால் இரண்டுக்கு மூன்று இல்லை, ஐந்துக்கு ஆறு, அதாவது அவர்கள் பேச்சில் 'ஆறுக்கு ஐந்து'. பத்து டாலருக்குப் பதினைந்து தரவேண்டிய இடத்தில் பன்னிரண்டு. அந்த ஒரு விதியே காசினோக்காரனுக்குக் கூடுதலாகச் சுமார் 1.4 சதவீதம் கொடுக்கிறது. துணி மேலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். காட்டினேன். "இன்னைக்கு என் நாள்டா" என்றான். 3,800-க்கும் 3,700-க்கும் நடுவில் புகுந்து வந்தவன் பேசுகிற பேச்சா இது? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதற்குள் பரிசில் கணிசமாகக் கரைந்திருந்தது. எவ்வளவு என்று அவனே சொல்லட்டும்.

அதைவிட, இனி மாதத்துக்கு ஒரு டோர்னமென்ட் என்று திட்டம் வைத்திருக்கிறான். விமான டிக்கெட் பார்க்கிறான். ஆன்லைன் ரம்மி நாட்களில் அவன் பேசிய அதே குரல், சேது. அப்போது நீ ஈரோட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய் உட்கார்ந்து பேசினாய். நான் சொன்னால், "நீ ஆடவே தெரியாதவன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறான். உன் பேச்சைத்தான் கேட்பான். புத்தி சொல்கிற மாதிரி ஆரம்பிக்காதே, போனை வைத்துவிடுவான். இந்த ஆட்டத்தைப் பற்றிக் கேள், 1,300-ஐப் பற்றிச் சண்டை போடு, வாய் சூடானதும் அந்த ஆறுக்கு ஐந்தை இழு. கணக்கில் நீ சொன்னால் மறுக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு. உங்கள் ஊர் நேரத்துக்கு இரவு எட்டு மணிக்கு மேல் கூப்பிடு, அங்கே காலையாக இருக்கும். பேசிவிட்டு எனக்கு இரண்டு வரி எழுது. 1,300 விஷயத்தில் நீ அவன் பக்கம் என்றால் எழுதவே வேண்டாம்.

அன்புடன்,
பாலு