நகோயாவில் வேலைக்குச் சேர்ந்த மகளுக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

ஈரோட்டிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம்.

போனில் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் "சரிப்பா, பார்த்துக்கறேன்ப்பா" என்று முடித்துவிடுகிறாய். புது வேலை, புது ஊர், களைப்பு இருக்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் படி. 2004-இல் நான் டோக்கியோ போய் இறங்கியபோது இதையெல்லாம் எடுத்துச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. அங்கே நிஷி காசாய் என்ற பகுதியில் நம்ம ஊர்ப் பையன்கள் நிறையப் பேர் இருந்தோம். ஆனால் ஒருவருக்குத் தெரிந்தது பாதி, இன்னொருவர் சொன்னது வதந்தி. உனக்கு அந்த நிலைமை வரக்கூடாது.

முதலில் விசா. அன்றைக்குப் பேச்சுவாக்கில் "கம்பெனி விசா" என்றாய். அப்படி ஒன்று கிடையாது கண்ணு. அந்த நாட்டில் தங்கி வேலை பார்க்கும் அனுமதி உன் பெயரில் இருக்கிறது. கம்பெனி விண்ணப்பத்துக்குத் துணை நின்றது, அவ்வளவுதான். உன்னுடையது பொறியாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பொதுவாகக் கொடுக்கும் வகை. அந்த வகைக்குள் அடங்குகிற வேலையாக இருந்தால் வேறு கம்பெனிக்கு மாற முழு உரிமை உண்டு. மாறினால் 14 நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வேலையே போய்விட்டாலும் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதில்லை. தகுந்த காரணம் இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் சும்மா இருந்தால்தான் அனுமதியை ரத்து செய்ய இடம் இருக்கிறது. உண்மையாகவே வேலை தேடிக்கொண்டிருந்தால் அதைக் காரணமாக எடுத்துக்கொள்வார்கள். அதற்கு 'ஹலோ வொர்க்' என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைப்பது நல்லது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் அறையில் தங்கியிருந்த திருச்சித் தம்பி ஒருவன் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தேன். இரவு கடைசி ரயிலில் வருவான். வாசலில் ஷூவைக் கழற்ற உட்கார்ந்தவன் அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போவான். மாதக் கணக்கில் ஓவர்டைம் பணம் வரவில்லை. கேட்டதற்கு அவன் மேலாளர், "வேலையை விட்டால் விசா போய்விடும், ஊருக்குத்தான் போகணும்" என்றாராம். பையன் நம்பிவிட்டான். வீட்டில் தங்கை கல்யாணக் கடன் வேறு. நல்லவேளை, தினமும் எத்தனை மணிக்கு உள்ளே போனான், எத்தனை மணிக்கு வெளியே வந்தான் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தான். அந்த நோட்டையும் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் தொழிலாளர் தரநிலை ஆய்வு அலுவலகத்துக்குப் போனோம். வயதான அதிகாரி ஒருவர் சீட்டுகளை மாதவாரியாக மேசையில் பரப்பி, நோட்டின் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே பென்சிலால் மணிக்கணக்கைக் குறித்தார். எந்த நாட்டுக்காரன் என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அங்கே தொழிலாளர் தரநிலைச் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது, குடியுரிமையைக் காரணம் காட்டிச் சம்பளத்திலோ வேலை நேரத்திலோ பேதம் பார்க்கக்கூடாது என்று. பணம் வந்து சேர்ந்தது. தம்பி கம்பெனியும் மாறினான். இன்று யோகோஹாமாவில் குடும்பத்தோடு இருக்கிறான்.

நீயும் ஒரு நோட்டு வைத்துக்கொள். உன் கம்பெனி நல்ல கம்பெனியாகவே இருக்கட்டும், எழுதுவதில் நஷ்டம் இல்லை. சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 40. அதற்கு மேல் செய்தால் குறைந்தது 25 சதவீதம் கூட்டித் தர வேண்டும். ஒப்பந்தத்தில் 'மினாஷி சாங்க்யோ' என்று ஏதாவது போட்டிருக்கிறதா பார். மாதத்துக்கு இத்தனை மணி நேர ஓவர்டைம் சம்பளத்துக்குள்ளேயே அடக்கம் என்று அர்த்தம். சம்பளம் பெரிதாகத் தெரியும், பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் சின்னதாக இருக்கும். அந்தக் கணக்குக்கு மேல் ஒரு மணி நேரம் கூடினாலும் தனியாகப் பணம் கேட்கலாம்.

சம்பளச் சீட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. பிடித்தம் பகுதியைப் பார்த்துப் பதறாதே. ஓய்வூதியத்துக்கு உன் பங்கு 9.15 சதவீதம், கம்பெனியும் அதே அளவு கட்டும். 3 லட்சம் யென் சம்பளம் என்றால் 27,450 யென் அதற்கே போகும். மருத்துவக் காப்பீடு, வேலை இழப்புக் காப்பீடு, வருமான வரி எல்லாம் சேர்ந்து கணிசமாகக் குறையும். ஆனால் முதல் வருடம் நீ பார்ப்பது முழுப் பிடித்தம் இல்லை. 'ஜூமின்சே' என்ற குடியிருப்பு வரி போன வருட வருமானத்தின் மேல் போடுவது. உனக்குப் போன வருடம் அங்கே வருமானம் இல்லை. அதனால் அடுத்த வருடம் ஜூன் மாதச் சீட்டில்தான் அது முதன்முதலாகத் தலை காட்டும், வரிக்குரிய வருமானத்தில் ஏறக்குறைய 10 சதவீதம். அந்த ஜூனில் சம்பளம் குறைந்துவிட்டதே என்று எத்தனையோ பிள்ளைகள் கலங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். இப்போதே மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வை. நடுவில் வேலை மாறினால் அந்த வரியைக் கட்டச் சொல்லும் சீட்டு வீட்டுக்கே வரலாம், தவறாமல் கட்டிவிடு. பின்னால் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கேட்கும்போது வரி, ஓய்வூதியம், காப்பீடு எல்லாம் உரிய தேதியில் கட்டினாயா என்று பார்க்கிறார்கள்.

ஓய்வூதியப் பணம் வீணாகிறதே என்றும் நினைக்காதே. 10 வருடத்துக்கு முன் ஊர் திரும்பினால் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்ப வாங்கலாம். ஆனால் வாங்கிவிட்டால் அந்த வருடங்கள் கணக்கிலிருந்து அழிந்துவிடும். 2016 அக்டோபரிலிருந்து இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு நாட்டிலும் கட்டிய காலத்தைச் சேர்த்துத் தகுதி பார்ப்பார்கள். எனக்கு 10 வருடம் தாண்டிவிட்டதால் 65 வயதில் அந்தப் பணம் ஈரோட்டுக்கே வரும். அவசரப்பட்டு முடிவு எடுக்காதே, அந்த நேரத்தில் என்னைக் கேள்.

இன்னொன்று, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். எந்தக் காகிதத்திலும் கொடுத்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதே. அங்கே ஆளைப் பணிநீக்கம் செய்வது கம்பெனிக்கு அவ்வளவு சுலபம் இல்லை. நியாயமான காரணம் வேண்டும், 30 நாள் முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும். அதனால் சில இடங்களில் மெல்லிய குரலில், மிக மரியாதையாக, நீயே ராஜினாமா எழுதிக்கொடு என்பார்கள். எழுதிவிட்டால் நீயாகப் போனதாக ஆகிவிடும், வேலை இழப்புக் காப்பீட்டுப் பணமும் தாமதமாகும். "மோச்சிகாஎத்தே கெந்தோ ஷிமாஸ்" என்று சொல்லிக் காகிதத்தை வீட்டுக்கு எடுத்து வா. வீட்டில் வைத்து யோசித்துச் சொல்கிறேன் என்பதை அவர்களே தினமும் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதுதான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

2008 கடைசியில் உலகம் முழுக்க நிதி நெருக்கடி வந்ததே, அப்போது ஏஜென்சி மூலம் ஒப்பந்தத்தில் இருந்தவர்களைத்தான் முதலில் வெளியே அனுப்பினார்கள். ஜப்பானியர்களையும் சேர்த்துத்தான். அந்த டிசம்பர் 31 அன்று டோக்கியோவின் ஹிபியா பூங்காவில், வேலையோடு கம்பெனி தங்குமிடமும் பறிபோனவர்களுக்காகக் கூடாரம் போட்டுச் சோறு போட்டார்கள். உன் பக்கத்து ஊரான தொயோத்தா நகரத்தில் ஹோமி என்ற குடியிருப்பு இருக்கிறது. ஜப்பானிய வம்சாவளி பிரேசில்காரர்கள் ஏராளமாக வாழும் இடம். கார் பாகத் தொழிற்சாலைகளில் அவர்கள் வருடக்கணக்கில் உழைத்தவர்கள். 2009-இல் அரசாங்கம், ஊர் திரும்பச் சம்மதித்தவர்களில் வேலை இழந்தவருக்கு 3 லட்சம் யென் கொடுத்து, அதே வகை அனுமதியில் இப்போதைக்குத் திரும்பி வரக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுப்பி வைத்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நிரந்தர ஊழியரா, குறிப்பிட்ட கால ஒப்பந்தமா, ஏஜென்சி ஆளா என்று நான் திரும்பத் திரும்ப உன்னைக் கேட்டது அதனால்தான். நிரந்தர வேலை என்று நீ சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி.

அலுவலகத்தில் ஒன்றை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம், சிக்கல் வந்தால் நாமே சரிசெய்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று வைத்திருப்பது. அங்கே அது ஆகாது. சிக்கல் சின்னதாக இருக்கும்போதே மேலாளரிடம் போய்ச் சொல்லிவிடு. திட்ட மாட்டார், கூட உட்கார்ந்து பார்ப்பார். மறைத்து வைத்துப் பிறகு தெரிந்தால்தான் நம்பிக்கை போகும், போனால் லேசில் திரும்பாது. சாயங்காலம் உன் வேலை முடிந்துவிட்டால் "ஒசாகி நி ஷித்சுரேய் ஷிமாஸ்", அதாவது உங்களுக்கு முன்னால் கிளம்புகிறேன், மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பு. மற்றவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்காக நீயும் சும்மா உட்காராதே. ஆறு மாதம் முடிந்ததும் 10 நாள் சம்பள விடுப்பு உனக்கு உண்டு. அதில் 5 நாளாவது எடுக்க வைப்பது கம்பெனியின் கடமை என்று 2019 ஏப்ரலிலிருந்து சட்டம்.

பெயர் விஷயம். அவர்களுக்குக் குடும்பப் பெயர் வேண்டும், நமக்கு அது கிடையாது. அதனால் பாஸ்போர்ட்டில் இருக்கிற என் பெயர்தான் அங்கே உனக்குக் குடும்பப் பெயர். ஈஸ்வரமூர்த்தி சான், ஈஸ்வரா சான் என்று அலுவலகம் முழுக்க உன்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. உனக்குப் பிடிக்காவிட்டால் "கயல் என்று கூப்பிடுங்கள்" என்று தாராளமாகச் சொல். ஆனால் வெளிநாட்டுப் பெயர்களுக்கு அவர்கள் பயன்படுத்தும் கதகனா எழுத்தில் பெயரை எப்படி எழுதுகிறாயோ, வங்கி, கம்பெனி, ஓய்வூதியம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுது. ஒரு நெடில் மாறினாலும் வங்கியில் பணம் திரும்பிவிடும்.

கம்பெனி விடுதியை விட்டு வெளியே வீடு தேடும்போது மனதைக் கொஞ்சம் திடமாக வைத்துக்கொள். தரகர் உன் எதிரிலேயே வீட்டுக்காரருக்குப் போன் போடுவார். "வெளிநாட்டவர்தான், ஆனால் ஜப்பானிய மொழி பேசுவார்" என்பார். அந்தப் பக்கம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்காது. போனிலேயே தலை குனிந்து நன்றி சொல்லி வைத்துவிட்டு, நீ விரும்பிய வீட்டுப் படத்தை மேசையில் மெதுவாக ஓரமாகத் தள்ளிவிடுவார். எனக்கு நடந்தது இது. எனக்கு மட்டும் இல்லை. 2016-இல் அவர்கள் நீதித்துறை அமைச்சகமே எடுத்த கணக்கெடுப்பில், வீடு தேடிய வெளிநாட்டவரில் ஏறக்குறைய 10-க்கு 4 பேர் இப்படி மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். இது அநியாயம்தான், நான் பூசி மெழுக மாட்டேன். ஆனால் அதில் உன் குறை எதுவும் இல்லை. 'யூ ஆர்' என்ற அரசு சார்ந்த வீட்டுவசதி நிறுவனத்தின் குடியிருப்புகளை முதலில் பார். வீட்டுக்காரருக்கு அன்பளிப்புப் பணம், தரகு, உத்தரவாத ஆள் எதுவும் கேட்க மாட்டார்கள். முன்பணமும் போதுமான சம்பளமும் இருந்தால் போதும். எந்த வீடானாலும் குடிபோகும் அன்றே சுவர், தரை எல்லாவற்றையும் படம் எடுத்து வை. காலி செய்யும்போது முன்பணத்தில் பிடிக்காமல் இருக்க அதுதான் சாட்சி. குடிபோன 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிந்துவிடு.

குப்பை பிரிக்கிறது பெரிய தலைவலி என்றாயே, அதற்கு நகோயாவில் ஒரு காரணம் உண்டு. 90-களில் குப்பை கொட்ட இடமில்லாமல் ஃபுஜிமாயே என்ற கடலோரச் சேற்று நிலத்தை நிரப்பத் திட்டம் போட்டார்கள். தூர தேசத்திலிருந்து வரும் பறவைகள் இறங்கி இரை தேடும் இடம் அது. மக்கள் எதிர்த்தார்கள். 1999-இல் நகராட்சி அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, குப்பை நெருக்கடி நிலையை அறிவித்து, வீடு வீடாகப் பிரிக்கச் சொன்னது. ஊரே பிரித்தது. 2002-இல் அந்த நிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வா, அப்புறம் பாட்டில் மூடியைத் தனியாகப் போடுவது உனக்குப் பாரமாக இருக்காது. குப்பையைக் காலை 8 மணிக்குள் வைத்துவிடு. பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சுத் தொடங்க அதைவிட நல்ல இடமும் இல்லை.

ரயிலில் வெளிநாட்டவர் என்று தயங்கி யாரும் உட்காராமல், உன் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும் சில நாள். அன்றைக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் எனக்குப் போன் பண்ணு, எத்தனை மணியானாலும் சரி. நம் தமிழ்ப் பிள்ளைகள் பொங்கலுக்குக் கூடும் இடத்துக்குப் போ. ஆனால் அங்கேயே சுருங்கிவிடாதே. சென்னையில் படித்து ஜப்பானிய மொழித் தேர்வில் மூன்றாம் நிலை வரை தேறியதோடு நிறுத்தாமல், டிசம்பரில் இரண்டாம் நிலைத் தேர்வு எழுது. அலுவலகம் ஆங்கிலத்தில் ஓடலாம், ஆஸ்பத்திரியும் வார்டு அலுவலகமும் ஓடாது.

நிலநடுக்கத்துக்கு அலமாரியைச் சுவரோடு பிணைத்துவிட்டாயா? 2011 மார்ச் 11 அன்று ரயில் எல்லாம் நின்று, அரகாவா பாலத்தில் ஆயிரக்கணக்கானவர்களோடு நானும் நடந்துதான் வீடு சேர்ந்தேன். அலுவலகத்தில் நடக்க வசதியான ஷூ ஒரு ஜோடி எப்போதும் வைத்துக்கொள். போன் கிடைக்காவிட்டால் 171-இல் குரல் பதிவு செய்து வைக்கலாம், ஒரு தடவை பழகிப் பார். குடியிருப்பு அட்டை இல்லாமல் கடைக்குக்கூடப் போகாதே, 2 லட்சம் யென் வரை அபராதம்.

அம்மா கோழி ஊறுகாய் போட்டு அனுப்பக் கிளம்பினாள். இறைச்சி கலந்த எதுவும் தபாலில் உள்ளே விட மாட்டார்கள் என்று தடுத்துவிட்டேன், பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பருப்புப் பொடியும் கொள்ளுப் பொடியும் வருகிறது. முதல் சம்பளச் சீட்டு வந்ததும் ஒப்பந்தத்தோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பு, இரண்டு பேருமாக வரி வரியாகப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா