மானிட்டர் இல்லாத இடத்துக்குப் போகும் மகளுக்கு

அன்புக் கண்ணு,

அந்தியூர் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆர்டர் வந்ததைச் சொல்லும்போது உன் குரல் உள்ளே போயிருந்தது. போனில் பேசினால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன். கோயமுத்தூர் ஐ.சி.யூ.வில் செய்த வேலையைத்தான் அங்கேயும் செய்யப் போகிறாய் அம்மிணி. ஆனால் இடம் மாறினால் தப்பு ஒளிந்திருக்கும் மூலையும் மாறும். அந்த மூலைகளை மட்டும் சொல்கிறேன்.

முதலில் மூச்சு. ஐ.சி.யூ.வில் நீ ஒன்றோ இரண்டோ படுக்கை பார்ப்பாய், எண் தவறினால் மானிட்டர் கத்தும். இங்கே கத்துவதற்கு ஒன்றும் இருக்காது. நாடிக்கும் பிரஷருக்கும் முன்னால் பல நேரம் மூச்சுதான் மாறும். ஆனால் எந்த வார்டு கேஸ் ஷீட்டை எடுத்தாலும் எல்லோருக்கும் 18, இல்லாவிட்டால் 20 என்றே இருக்கும். யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். நாடி பார்ப்பது போல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிஷம் எண்ணு. எண்ணுவது தெரிந்தால் அவர்கள் மூச்சை மாற்றிவிடுவார்கள்.

டிரிப்புக்கும் பம்ப் கிடையாது, சொட்டுத்தான். சாதாரண செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. 500 மில்லி 8 மணி நேரத்தில் ஏற வேண்டுமென்றால் நிமிஷத்துக்கு 21 சொட்டு. நீ வைத்துவிட்டு நகர்ந்ததும் நோயாளி கையை மடக்கினால் நின்றுபோகும்; சீக்கிரம் முடியட்டும் என்று கூட இருப்பவர் குழாயிலுள்ள உருளையைத் திருகினால் ஒரு மணியில் காலியாகும். பாட்டிலின் மேல் நீளவாக்கில் பிளாஸ்டர் ஒட்டி, எத்தனை மணிக்கு எந்த மட்டம் என்று கோடு போட்டு வை. பத்தடி தள்ளி நின்றே தெரியும்.

அந்தப் பக்கம் மஞ்சள், கரும்பு, வாய்க்கால் வரப்பு. பாம்புக்கடி வராமல் இருக்காது. செத்த பாம்பைப் பையில் போட்டுக் கொண்டுவருவார்கள், அதைப் பார்த்து நேரத்தைக் கழிக்காதே. மகாபலிபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் எடுக்கிறது. நம் விஷமுறிவு மருந்தும் அந்த நான்குக்கும் சேர்த்துச் செய்த ஒரே மருந்துதான். எந்தப் பாம்பு என்பதைவிட விஷம் ஏறியிருக்கிறதா என்பதே முக்கியம். அறிகுறி இருந்தால்தான் மருந்து.

ரத்தம் உறைகிறதா என்று பார்க்க, புதிய, காய்ந்த கண்ணாடி டியூபில் 2 மில்லி எடுத்து 20 நிமிஷம் ஆட்டாமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார். இந்தச் சோதனை கெடுவது பெரும்பாலும் டியூபால்தான். சோப்புத் தூளில் கழுவிய டியூபிலும் பிளாஸ்டிக் டியூபிலும் நல்ல ரத்தமே உறையாமல் நிற்கும், தேவையில்லாமல் மருந்து ஏறும். பத்து நிமிஷத்தில் எடுத்து ஆட்டிப் பார்க்கிற ஆட்களும் உண்டு, விடாதே.

மருந்து முதலில் 10 குப்பி என்பது வழக்கம், குழந்தைக்கும் அதேதான். தூளைக் கரைக்கும்போது குலுக்காதே, நுரைக்கும். உள்ளங்கையில் வைத்து உருட்டு. சிலருக்கு இந்த மருந்து ஒவ்வாது, அதனால் ஏற்ற ஆரம்பிக்கும் முன்பே அட்ரினலினை சிரிஞ்சில் இழுத்துத் தட்டில் வைத்திரு. ஆம்பூல் ஒரு மில்லியில் 1 மில்லிகிராம். பெரியவருக்குத் தொடையில் அரை மில்லி. உடம்பு தடித்த பிறகு ஆம்பூல் தேடினால் கை நடுங்கும். கட்டுப் போட்டு வந்தால் கயிற்றை வெடுக்கென்று அவிழ்க்காதே, அடைபட்ட விஷம் ஒரே மூச்சில் மேலே ஏறும். கையில் வென்ஃப்ளான் ஊசி போட்டு, டாக்டரும் மூச்சு கொடுக்கும் அம்பு பேகும் பக்கத்தில் வந்த பிறகு மெதுவாகத் தளர்த்து.

கட்டுவிரியன் மட்டும் தனி. ராத்திரி தோட்டத்துச் சாளையில் தரையில் படுத்தவருக்குக் கடித்த தடமே இருக்காது, வீக்கமும் இருக்காது. விடியக்காலையில் "வயித்த வலிக்குதுங்க சிஸ்டர்" என்று வருவார், இமை லேசாக இறங்கியிருக்கும். கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிற இடம் அதுதான். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல். அரை மணி கழித்து மறுபடி எண்ணச் சொல். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் 108 வாசலில் நிற்க வேண்டும்.

பூச்சிமருந்து குடித்து வருகிறவருக்கு உடையைக் களைந்து, தலைமுடி உட்பட சோப்புப் போட்டுக் கழுவு, கையுறையோடு. அதற்கு முறிவான அட்ரோபின் ஆம்பூல் ஒன்று 0.6 மில்லிகிராம்தான், முதல் டோசுக்கே மூன்று நான்கு உடையும், அப்புறம் இரட்டிப்பாகும். சேர்ந்த அன்றே கையிருப்பை எண்ணிவிடு. கண்பாவை விரிந்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது. நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் ஈரச் சத்தம் போயிருக்க வேண்டும். பெரியாஸ்பத்திரியிலிருந்து கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டாம் நாளே வீடு திரும்புவோரும் உண்டு. அவர்களைத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல். தூக்க முடியாவிட்டால் அடுத்து மூச்சு நிற்கும், அப்படியே பெரியாஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்பு.

பிரசவம் உனக்குக் கொஞ்சம் மறந்திருக்கும். குழந்தை வந்த ஒரு நிமிஷத்துக்குள், வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று தொட்டுப் பார்த்துவிட்டு, ரத்தப்போக்கைத் தடுக்க ஆக்சிடோசின் 10 யூனிட் தசையில். அது பிரிட்ஜில் இருக்க வேண்டிய மருந்து, லேபர் ரூம் தட்டில் வெயில் காலம் முழுக்கக் கிடந்தால் வேலை செய்யாது. அப்புறம் இரண்டு மணி நேரம், கால் மணிக்கு ஒரு தரம் கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்.

வீடுகளுக்குப் போவதுதான் உனக்குப் புதுசு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே போகிறது. ஆனால் இன்சுலின் சிரிஞ்சை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. அரசு குப்பி மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. மருமகள் மெடிக்கலில் கேட்டால் மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கான ஆரஞ்சு மூடியைக் கொடுத்துவிடுவார்கள். அதில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். சர்க்கரை இறங்காது, டாக்டர் டோசை ஏற்றிக்கொண்டே போவார். ஒருநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அந்த ஏற்றிய டோசைச் சரியான சிரிஞ்சில் போட்டதும் அப்பிச்சி வேர்த்து மயங்கி விழுவார். இதற்கு நேர்மாறாக, 100 மருந்தைச் சிவப்பு மூடியில் 10 கோடு இழுத்தால் 25 யூனிட். அதனால் "எத்தனை யூனிட் போடறீங்க" என்று கேட்காதே. "எடுத்துக் காட்டுங்க ஆத்தா" என்று சொல்லி, குப்பியையும் மூடியையும் சேர்த்து வைத்துப் பார். பிரிட்ஜ் இல்லாத வீட்டில், இன்சுலினைத் தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் டப்பாவில் போட்டு வைக்கலாம். பிரீசரில் வைத்து உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பக்கவாதத்தில் மூக்குக் குழாயோடு கிடப்பவர் வீட்டில், மூக்கின் ஓரம் குழாயில் பேனாவால் கோடு போட்டுக் காட்டிவிட்டு வா. கோடு வெளியே நகர்ந்திருந்தால் எதுவும் ஊற்றக் கூடாது. தலைப்பக்கம் உயர்த்தி, ஒரு தரத்துக்கு 200 மில்லி, தானாக இறங்க வேண்டும், அழுத்தக் கூடாது. முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். ராகிக் கஞ்சியை வெள்ளைத் துணியில் வடிகட்டாமல் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். "ஒரு வாய் எளநி மட்டும் குடுத்தோமுங்க" என்பார்கள், அந்த ஒரு வாய்தான் நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகிறது. திட்டாதே, பாசத்தில் செய்கிறார்கள்.

படுக்கைப்புண்ணுக்கு முதல் எதிரி நம்மூர்க் கயிற்றுக் கட்டில். நடுவில் தொய்ந்து பாரமெல்லாம் வால் எலும்பில் இறங்கும். பலகை போட்டு மெத்தை விரிக்கச் சொல். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும், வெளுக்காவிட்டால் உள்ளே கெட ஆரம்பித்துவிட்டது. அங்கே எண்ணெய் தேய்த்துவிடுவது இன்னும் கெடுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டுங்கள் என்றால் தலையாட்டுவார்கள், செய்ய மாட்டார்கள். பால் கறக்கப் போகும் முன், வந்த பின், சீரியலுக்கு முன், லைட் அணைக்கும்போது என்று அவர்கள் பொழுதோடு கட்டிவிடு.

திருப்பூர் பனியன் கம்பெனியில் நர்ஸாக இருக்கும் உன் சித்தி மகளுக்கும் ஒரு வார்த்தை சொல். தையல் ஊசி விரலில் ஏறி வந்தால், உடைந்த துண்டுகளை வாங்கி ஒட்டிப் பார்க்கச் சொல். துண்டு துணியில் தங்கிவிடக் கூடாது என்று கம்பெனி தேடும், விரலில் தங்கிவிடக் கூடாது என்று அவள் தேட வேண்டும். முனை குறைந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் கட்டுப் போடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வருகிறார். கண்ணாடி டியூப் ஒரு டஜன் கொடுத்தனுப்புகிறேன். புதுசுதான், யாரும் கழுவிவிடாமல் உன் அலமாரியில் பூட்டி வை.

அம்மா