பதிலுக்குக் காத்திருக்கும் 64 பேர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. காலையில் ரயில்வே கேட் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறார். இந்த விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேச்சை எடுத்தால் நீ 'சரிம்மா, பார்க்கிறேன்' என்று முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து லிங்க்ட்இன்னைத் திறந்து காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? 2,300 பேர் உன்னோடு தொடர்பில் இருக்கிறார்கள் என்றாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் படிக்காத செய்திகளைக் காட்டினாய், 64 பேர். "எல்லாரும் வேலை கேட்கிறாங்கம்மா. முக்கால்வாசிப் பேர் 'ஹாய் அக்கா'ன்னு மட்டும் போட்டுட்டு நிறுத்திடுறாங்க. என்ன வேணும்னுகூடக் கேட்கத் தெரியலை. அவங்களுக்கு நான் என்ன பதில் போட?" என்று கேட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாய்.

அந்த 'ஹாய் அக்கா' என் மனசை விட்டுப் போகவே இல்லை.

31 வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். வருகிறவர்களில் சிலர் பாரத்தை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, வரிசையில் நிற்காமல் தூண் ஓரமாக நிற்பார்கள். கூட்டம் குறைந்ததும் மெல்ல வந்து, "பேனா இருக்கா தாயி?" என்பார்கள். பேனா கவுண்டரிலேயே சணல் கயிற்றில் கட்டித் தொங்கும், அவர்கள் கண்ணுக்கு நேராகவே. முதல் ஒரு வருஷம் நானும் "அந்தா தொங்குது பாருங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு வேண்டியது பேனா இல்லை, எழுதித் தர ஒரு ஆள் என்று எனக்குப் புரியவே அவ்வளவு நாள் ஆயிற்று. எழுதப் படிக்கத் தெரியாது என்று ஒரு சின்னப் பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்ல அவர்களால் முடியவில்லை. அதனால் பேனா கேட்டார்கள்.

அன்றைக்கு மணியார்டர் பாரத்தின் அடியில் ஒரு துண்டு இடம் இருக்கும். பணத்தோடு சேர்த்து நாலு வரி எழுதி அனுப்பலாம். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த ஒரு அம்மா, ஹாஸ்டலில் படிக்கும் மகனுக்கு மாதாமாதம் பணம் அனுப்ப வருவார்கள். பெயர், விலாசம், தொகை எல்லாம் நான்தான் எழுதுவேன். அந்தத் துண்டு இடம் வந்ததும் அவர்கள் கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். பிறகு ஒவ்வொரு மாதமும் அதே வாசகம்தான்: "மீதியைப் பத்தாம் தேதிக்குள் அனுப்புறேன், நேரத்துக்குச் சாப்பிடு." அதை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை.

'ஹாய் அக்கா' என்பதும் 'பேனா இருக்கா தாயி' என்பதும் ஒன்றுதான் பாப்பா. எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரிந்த பிள்ளை நாலு பத்தி எழுதி, ரெஸ்யூமை இணைத்து, எந்த வேலைக்கு என்று எண்ணோடு போட்டுவிடும். அந்தப் பிள்ளைக்கு யாராவது பதில் போட்டுவிடுவார்கள். வெறும் ஹாயோடு நிற்கிறதே, அது யாரிடமும் இதுவரை கேட்டுப் பழகாத பிள்ளை. அதற்குத்தான் நீ வேண்டும்.

2014-ஐ நினைத்துப் பார். அடுத்த கேம்பஸ் இன்டர்வியூவுக்கு இரண்டு வாரம் இருந்தது. இரண்டு கம்பெனியில் உன்னை முதல் சுற்றிலேயே கழித்துவிட்டிருந்தார்கள். நீ சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாய். உன் சீனியருக்கு சீனியர் ஒரு பெண், பேஸ்புக்கில் மட்டும் பழக்கம். அவளுக்குத் தயங்கித் தயங்கி ஒரு செய்தி போட்டாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். ஒரு மணி நேரம் உன்னைக் கேள்வி கேட்டாள், திருத்தினாள், திரும்பக் கேட்டாள். நான் காபி டம்ளரை வைத்துக்கொண்டு வாசலில் நின்று, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே ஆறவிட்டேன். கடைசியில் நீ சிரித்த சத்தம் கேட்டது. இரண்டு வாரத்துக்கு அப்புறம் கேட்ட முதல் சிரிப்பு. அந்தப் பெண்ணை நீ இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. ஆனால் அவள் நல்லா இருக்கணும் என்று நான் விளக்கேற்றும்போது சொல்லாத நாள் கிடையாது.

நான் சனிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளைகளுக்கு வழி சொல்லப் போனும் கையுமாக இருப்பது உனக்குத் தெரியும். எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் ஆரம்பித்தது, இப்போது நாலைந்து ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ரிசல்ட் வந்த பிறகு இரண்டு மூன்று மாதம், பொறியியல் கல்லூரியில் இடம் கொடுக்கும் கலந்தாய்வு வேலைதான். 2011-இல் உனக்காக ராத்திரி பஸ் ஏறி அண்ணா பல்கலைக்கழகத்தில் போய்க் காத்துக்கிடந்தோமே, அந்த அலைச்சல் இப்போது இல்லை. 2018-இல் எல்லாம் ஆன்லைனுக்கு மாறிவிட்டது. அலைச்சல் போனது நல்லதுதான். ஆனால் அன்றைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் 'அந்தக் காலேஜை எடுக்காதீங்க' என்று சொன்னாரே, அவரும் சேர்ந்து போய்விட்டார். இப்போது பிள்ளை தனியாகத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

போன வருஷம் ஒரு பெண். அரசுப் பள்ளியில் படித்தவள், அப்பா லோடு வேலை. கணக்கில் 78, இயற்பியலில் 81, வேதியியலில் 85. கணக்கை அப்படியே வைத்து மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் கட்-ஆஃப் 200-க்கு 161. கல்லூரிப் பட்டியலைத் தயார் பண்ணிவிட்டேன், ஒரு தடவை பார்க்கிறீங்களா என்று கேட்டாள். படித்துக் காட்டச் சொன்னேன். ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியை முதலில் வைத்திருந்தாள். அவளுக்கு ஆசையெல்லாம் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி. அது 14-ஆவது இடத்தில் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "முதல்ல இருக்கிறது எப்படியும் கிடைச்சிடும் மேடம். அதுக்கு அப்புறம் நல்லது எதாவது இருந்தா அவங்களே மாத்திக் குடுப்பாங்கள்ல?" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. கலந்தாய்வு அப்படி நடப்பதில்லை. அவளுடைய தரவரிசை வரும்போது கம்ப்யூட்டர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். 14-ஆவது இடத்துக்குப் போகவே போகாது. நிச்சயமாகக் கிடைப்பதை முதலில் வைத்தால் ஆசைப்பட்டதை நாமே கதவைச் சாத்தி வெளியே அனுப்புகிற மாதிரி. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், ஆனால் வரிசை ஆசைப்படிதான் இருக்க வேண்டும். பட்டியல் பூட்ட இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. அவளே உள்ளே போய், அவளே ஒவ்வொன்றாக மேலே ஏற்றினாள். நான் போனில் கூடவே இருந்தேன். கடவுச்சொல், ஓடிபி எதையும் நான் யாரிடமும் கேட்பதில்லை, சொன்னாலும் காதில் வாங்கிக்கொள்வதில்லை. நீயும் அப்படியே இரு.

ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீடு இருந்தது. சிவில் கிடைத்தது, திருநெல்வேலியிலேயே. அவள் அப்பா எனக்குப் போன் பண்ணினார். என்ன சொல்வதென்று தெரியாமல் "நல்லா இருக்கீங்களா?" என்று மூன்று தடவை கேட்டார்.

இதற்கு எனக்கு ஆன நேரம் 40 நிமிஷம்.

உன் வேலை எனக்குத் தெரியாமல் இல்லை. ராத்திரி பத்தரைக்கு அமெரிக்கா மீட்டிங், காலையில் மறுபடி லேப்டாப். தினம் எல்லாருக்கும் பதில் போடு என்று எந்த அம்மாவும் சொல்ல மாட்டாள். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் கேட்கிறேன். ஒரே கிழமை, ஒரே நேரம். நீ 'நேரம் கிடைக்கும்போது பார்க்கிறேன்' என்று வைத்திருப்பதால்தான் 64 ஆகியிருக்கிறது. நேரத்தைக் குறித்துவிட்டால் மற்ற ஆறு நாளும் உறுத்தல் இல்லாமல் இருக்கலாம். செவ்வாய்க்கிழமை ஒரு செய்தி வந்தால், 'ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், உன் ரெஸ்யூமை அனுப்பி வை' என்று ஒரு வரி போதும். எனக்கு இது சனிக்கிழமையால் வந்த நிம்மதி. அதற்கு முன்னால் சமைக்கும்போதும் போன், சாப்பிடும்போதும் போன் என்று இருந்து அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பழைய செய்தியிலிருந்து ஆரம்பி. பத்துப் பேருக்கு 'ஆல் தி பெஸ்ட்' போடுவதைவிட இரண்டு பேருடைய ரெஸ்யூமை முழுசாகப் படித்து எங்கே குறை என்று சொல்வது மேல். முன்பின் தெரியாதவரைத் தெரிந்தவர் என்று சொல்லி உன் கம்பெனியில் பரிந்துரை பண்ண வேண்டாம். அது உன் பெயரையும் கெடுக்கும், அந்தப் பிள்ளைக்கும் உதவாது. முடியாது என்றால் முடியாது என்றே எழுது.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். ஒரு தடவை, கவுண்டரை மூடுகிற நேரம். புருஷன் இறந்துபோன ஒரு பாட்டி, அவருடைய சேமிப்புக் கணக்குப் பணத்துக்காக வந்திருந்தார்கள். பாரத்தில் சாட்சிக் கையெழுத்து இல்லை. விளக்கிச் சொல்ல ஐந்து நிமிஷம் ஆகும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று "நாளைக்கு வாங்க பாட்டி" என்றேன். மறுநாள் வந்தார்கள், அதே பாரத்தோடு. அன்றைக்கும் வேறு ஏதோ அவசரம், அதையே சொன்னேன். மூன்றாவது நாள், "இன்னிக்குப் பஸ்ஸுக்குக் கடன் வாங்கிட்டு வந்தேன் தாயி" என்றார்கள். கோபமே இல்லை அந்தக் குரலில். அதற்கப்புறம் என்னால் ஆகாததை 'ஆகாது' என்றும், என்ன வேண்டும் என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதியும் கொடுத்து அனுப்ப ஆரம்பித்தேன். உன் 64 பேரில் சிலர் மூன்று மாதமாகத் தினம் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களும் தினம் பஸ் ஏறி வருகிறவர்கள் மாதிரிதான்.

இன்னொன்று. அந்த 64-இல் நம் தெருமுனை டீக்கடைக்காரர் மகனும் இருக்கிறான். மார்கழியிலேயே 'வணக்கம் அக்கா' என்று போட்டானாம். நீ பெரிய வேலையில் இருக்கிறாய், தொந்தரவு பண்ணக் கூடாது என்று அப்புறம் ஒன்றும் எழுதவில்லை. போன சனிக்கிழமை தயங்கிக்கொண்டே என்னிடம் வந்து ரெஸ்யூமைக் காட்டினான். முதல் பக்கம் முழுக்க அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், பொழுதுபோக்கு. கல்லூரியில் அவனே பண்ணிய புராஜெக்ட், டீக்கடைக் கணக்கை எழுதுவதற்கு ஒரு ஆப், கடைசிப் பக்கத்தில் ஒரே வரியாக இருக்கிறது. அதை அவன் அப்பா இன்றைக்கும் கடையில் பயன்படுத்துகிறார். யார் யார் எவ்வளவு பாக்கி என்று எனக்கே காட்டினார். ஒரே வரியில் முடிகிற விஷயமா அது? எப்படி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா கூப்பிடுவாள் என்று அவனிடம் சொல்லிவிடட்டுமா? நீ சரி என்று சொன்ன பிறகுதான் சொல்வேன். அவனைக் காத்திருக்க வைக்க எனக்கு மனசில்லை.

கடலைமிட்டாய் இரண்டு கிலோ பார்சல் போட்டிருக்கிறேன். ஆபீசில் எல்லாருக்கும் கொடு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா
கோவில்பட்டி