டிக்கி திறக்கவில்லை: ஐந்தாவது முறையாக எழுதும் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: புது லாக் மாட்டியும் டிக்கி திறக்காதது, வாங்கிய ரூ. 4,260-ஐத் திருப்பித் தரக் கோருவது

ஐயா / அம்மா,

வணக்கம். வேளச்சேரியிலிருந்து எழுதுகிறேன். என் ஹேட்ச்பேக் வண்டியின் டிக்கி திறக்கவில்லை என்ற ஒரே புகாருக்கு இதுவரை நான்கு டோக்கன் நம்பர் கொடுத்திருக்கிறீர்கள். நான்கும் 'சரிசெய்யப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வந்துவிட்டது. டிக்கிக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

நீங்கள் செய்த வண்டி, உங்களுக்குத் தெரியாதது இல்லை. இந்த மாடலில் டிக்கிக்குச் சாவித் துவாரம் கிடையாது, டிரைவர் சீட்டருகே இழுக்கும் கேபிளும் கிடையாது. நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கும் ரப்பர் பட்டனை அழுத்தினால் லாக்கில் உள்ள 12 வோல்ட் மோட்டார் 'டக்' என்று கொக்கியை விட வேண்டும். அந்த 'டக்' வருவதில்லை. ரிமோட்டில் நான்கு கதவும் ஒழுங்காக வேலை செய்கின்றன. இதை முதலிலேயே சொல்லியும், "ரிமோட் பேட்டரி மாத்திப் பாருங்க சார்" என்றார் உங்கள் கஸ்டமர் கேர்க்காரர். பேட்டரி செத்திருந்தால் மற்ற கதவுகள் எப்படித் திறக்கும்?

அவராவது மரியாதையாகப் பேசினார். அடுத்து லைனில் வந்த அம்மணி, "டிக்கியத் திறந்து லாக்ல இருக்கற ஸ்டிக்கர போட்டோ எடுத்து அனுப்புங்க, அப்பதான் கம்ப்ளைன்ட் எடுப்போம்" என்றார். அது திறக்காததுதானம்மா கம்ப்ளைன்ட் என்றேன். "கத்தினா போன கட் பண்ணிடுவேன் சார்" என்றார், கட்டும் செய்தார். நான் கத்தவில்லை. ரெக்கார்டிங் உங்களிடம்தானே இருக்கிறது, போட்டுக் கேளுங்கள்.

முதல் முறை அம்பத்தூர் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். காலை 9 மணி அப்பாயின்ட்மென்ட்; மதியம் 2.30-க்கு, "எலக்ட்ரீஷியன் லீவு" என்றார்கள். கத்திப்பாரா, கோயம்பேடு நெரிசலில் போய்வந்த பெட்ரோலுக்கு யார் பொறுப்பு? இரண்டாம் முறை போனபோது, லாக்கை நெம்பிக் கெடுத்துவிட்டேன் என்று சொல்லி வாரண்டியை மறுத்து, புது லாக் மாட்டி ரூ. 4,260 பில் போட்டார்கள். நான் நெம்பவில்லை. பின்சீட்டை மடக்கி, டிக்கிக் கதவின் உள்பக்கத்தில் இருக்கும் சின்ன மூடியைக் கழற்றி, தட்டை ஸ்க்ரூடிரைவரால் உள்ளே உள்ள நெம்புகோலைப் பக்கவாட்டில் தள்ளினேன். உங்கள் ஓனர்ஸ் மேனுவலிலேயே அவசரத்துக்கு இப்படித் திறக்கச் சொல்லியிருக்கிறது. அதை அச்சடித்தவர்களே படிக்கவில்லை என்றால் நான் என்ன செய்வது?

பழுது லாக்கில் இல்லவே இல்லை. ரிவர்ஸ் கேமரா படம் விட்டு விட்டு வருகிறது, நம்பர் பிளேட் விளக்கு மினுக்குகிறது என்று முதல் நாளே சொன்னேன். "அது வேற கம்ப்ளைன்ட், தனி டோக்கன் போடணும்" என்றார்கள். மூன்றுக்கும் ஒயர் போவது ஒரே வழி: கூரைக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவே, கீல் பக்கத்தில் இருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் ஒயர் அதே இடத்தில் மடங்குகிறது. வெயிலில் உறை விறைத்து, உள்ளே செம்பு அறுந்துவிடும். சில ஒயரில் உறை முழுசாகவே இருக்கும். லேசாக இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். அங்கேதான் அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் ஆட்கள் ஏமாந்த இடமும் அதுதான். டிக்கியைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரால் கொக்கியை மூடி, பட்டனை அழுத்தினார்கள். 'டக்' வந்தது, பில் வந்தது. கதவு மேலே இருக்கும்போது அறுந்த முனைகள் தொட்டுக்கொள்ளும், மூடினால் விலகும். பின்சீட் வழியாகப் போய், கதவை மூடியபடி லாக் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்து, ஒருவரைப் பட்டனை அழுத்தச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். எனக்கு அங்கே பூஜ்ஜியம் வோல்ட் காட்டியது, அதாவது லாக்குக்குக் கரண்டே வரவில்லை.

லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய வண்டி இன்று காலணாவுக்கு உதவாது. ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் உள்ளே. ஜிஎஸ்டி ரோட்டில் ராத்திரி பஞ்சர் ஆனால் சீட்டை மடக்கித் தவழ வேண்டும்.

தயவுசெய்து ரூ. 4,260-ஐத் திருப்பித் தாருங்கள், ஒயரிங்கை வாரண்டியில் சரிசெய்யுங்கள். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் வேலை வேண்டாம், ஒரு கோடையில் பிசின் உருகிக் கழன்றுவிடும். குழாயில் போகும் எல்லா ஒயரையும் மெல்லிய இழை நிறைய உள்ள, சிலிகான் உறை போட்ட ஒயராக மாற்றுங்கள். சால்டர் இணைப்பு மடங்கும் இடத்துக்கு வெளியே, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வரட்டும். மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை) போடுங்கள்.

ஏழு நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். அங்கே வக்கீல் இல்லாமல் நானே வாதாடலாம், இரண்டு வருட அவகாசமும் இருக்கிறது. பழைய லாக்கை உங்கள் ஆட்கள் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். 12 வோல்ட் கொடுத்தால் இன்றும் 'டக்' என்கிறது. அதையும் ஆணையத்தின் மேஜை மேல் வைப்பேன். அந்த அளவுக்கு விட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

வருகிற சனிக்கிழமை காலை வண்டியைக் கொண்டு வருகிறேன். இந்த முறை டிக்கியை மூடி வைத்து டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், வேளச்சேரி, சென்னை

இணைப்பு: பில் நகல், மேனுவலின் அந்தப் பக்கம், மல்டிமீட்டர் படம்