46ஆம் நாள் இன்னும் வரவில்லை: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், ஆயுத உரிமக் கோப்புகளைப் பார்க்கும் பிரிவின் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

கோப்பு உங்களிடமே இருப்பதால் முழுக்கதையும் சொல்லப் போவதில்லை. என் அப்பாவின் 12 போர் (குழலின் அளவு) ஒற்றைக்குழல் துப்பாக்கி பற்றிய கோப்பு அது. அப்பா போன ஆவணியில் காலமானார். துப்பாக்கி இப்போது 90 கிலோமீட்டர் தள்ளி, நகரத்தில் உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையின் பெட்டகத்தில் இருக்கிறது. வாங்க ஆள் இருக்கிறார். அவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இருக்கிறது. விலையும் பேசி முடித்தாயிற்று. விற்கத் தடையில்லை என்று உங்களிடமிருந்து ஒரே ஒரு தாள்தான் வரவேண்டும்.

போன வாரம் ஒரு தாள் வந்தது. ஆவலோடு பிரித்தோம். துப்பாக்கியின் எண்ணைச் சரிபார்க்க வேண்டியிருப்பதால் மனுதாரர் மேற்படி துப்பாக்கியுடன் நேரில் ஆஜராக வேண்டுமாம்.

மனுதாரர் என் அம்மா. வயது 71. அவர் பெயரில் ஆயுத உரிமம் கிடையாது. உரிமம் இல்லாத ஒருவர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஆட்சியர் அலுவலக வாசலில் வந்து நின்றால் எந்தச் சட்டத்தில் வழக்குப் பதிவாகும் என்பதை, அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தத் துப்பாக்கியை அம்மா ஏற்கெனவே ஒருமுறை கொண்டுபோயிருக்கிறார். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கோப்பில் அது இருக்காது.

அப்பா இறந்த மூன்றாம் நாள், துக்கத்துக்கு வந்த உறவினர் ஒருவர்தான் ஞாபகப்படுத்தினார். “உரிமக்காரர் போயிட்டாருன்னா அதை வீட்ல வெச்சிருக்கறதே தப்பும்மா.” சரியாகத்தான் சொன்னார். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 21: வைத்திருக்கும் உரிமை முடிந்துபோனால் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ தாமதிக்காமல் ஒப்படைக்க வேண்டும். அண்ணன் அன்றைக்கே காவல் நிலையத்துக்கு ஓடினார். ஆயுத அறையில் இடமில்லை, கடையில் டெபாசிட் செய்துவிடுங்கள் என்றார்கள். யார் கொண்டுபோவது என்று அண்ணன் கேட்டார். “நீங்கதான்” என்றார்கள். கெஞ்சிக் கேட்டபிறகு ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்கள்.

கூரியர்காரர்கள் கேட்டதுமே கையை விரித்துவிட்டார்கள். பேருந்து நடத்துநரிடம் கேட்கும் தைரியம் எங்களுக்கு வரவில்லை. வாடகைக் கார் பிடித்தோம். அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றிய நீளமான பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, கடப்பாரையா?” என்று ஓட்டுநர் கேட்டார். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. “அவரோட துப்பாக்கி” என்றார். ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு முதலாளிக்குப் போன் போட்டார். வாடகை 3,200லிருந்து 5,000 ஆனது.

மலையடிவாரத்து வனச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். முத்திரை வைத்த வெள்ளைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். உரிமப் புத்தகத்தில் இருந்த அப்பாவின் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, “இவர் எங்கே?” என்றார்கள். ஒன்றரை மணி நேரம். பதினாறாம் நாள் காரியம்கூட முடியாத அம்மா அந்தச் சாவடியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதிரே நின்ற ஒரு இளைஞர், “பாட்டி, மானா பன்னியா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அதைப் பற்றி எங்களிடமும் பேசியதில்லை. கடையில் கொடுத்த ரசீதை மட்டும் எட்டாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்திருக்கிறார்.

அதே அம்மாவைத்தான் அதே துப்பாக்கியோடு வரச்சொல்லி இப்போது கடிதம் அனுப்பியிருக்கிறீர்கள்.

நான் வழக்கறிஞர் இல்லை, பள்ளி ஆசிரியை. ஆனாலும் இந்தப் பத்து மாதத்தில் அந்தச் சட்டத்தைப் பாடப்புத்தகம் மாதிரி படித்துவிட்டேன். ஒப்படைத்த ஆயுதத்தை, வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவருக்கு விற்று அந்தப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமையை, இறந்தவரின் சட்டப்படியான வாரிசுக்குப் பிரிவு 21 தருகிறது. தனியார் ஒருவர் தன் துப்பாக்கியை இன்னொருவருக்கு எப்படி விற்க வேண்டும் என்று பிரிவு 5 சொல்கிறது. மாவட்ட நடுவரான ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும், வாங்குபவரின் பெயரும் முகவரியும் தர வேண்டும், பிறகு 45 நாள் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த 45 நாளில் உங்களுக்கு ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம்.

நாங்கள் தெரிவித்து இன்றோடு 163 நாள் ஆகிறது. ஒப்புகைச் சீட்டு இருக்கிறது. ஆம் என்றோ இல்லை என்றோ எழுத்தில் ஒரு பதில் கேட்கிறோம். இந்த மடல் முழுக்க நான் கேட்கப்போவது அது ஒன்றுதான்.

பதில் வராவிட்டால் விற்க வேண்டியதுதானே என்று யாராவது கேட்கலாம். கடைக்காரரிடம் நானும் அதையே கேட்டேன். “டீச்சர், சட்டம் சரிதான். ஆனா என் கடை லைசென்ஸும் அதே ஆபீஸ்லதானே புதுப்பிக்கணும்?” என்றார். உங்கள் தடையில்லாச் சான்று இல்லாமல் அவர் பெட்டகத்தைத் திறக்க மாட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதம் 300 ரூபாய் காப்புக் கட்டணத்தில் இரண்டு மாதத்தை அவராகவே தள்ளுபடி செய்தவர். வாங்கப்போகிறவர் பக்கத்து மாவட்டத்துக்காரர், ஓய்வுபெற்ற ராணுவ வீரர், அப்பாவின் நண்பர். துப்பாக்கி வாங்க அவருக்குக் கொடுத்த காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று முறை வந்து போய்விட்டார். நான்காவது முறை அவரைக் கூப்பிட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பிரிவு 21இல் இன்னொன்றும் இருக்கிறது. ஒப்படைத்த ஆயுதத்தைக் குறித்த காலத்துக்குள் திரும்பப் பெறாமலோ விற்காமலோ விட்டால், அது அரசுக்குப் பறிமுதலாகும். ஆணை பிறப்பிக்க வேண்டியவர் மாவட்ட நடுவர், அதாவது நீங்கள். விற்க விடாமல் வைத்திருப்பது ஒரு மேசை, விற்கவில்லை என்று பறிமுதல் செய்யப்போவது அடுத்த மேசை. வேண்டுமென்றே செய்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்றே செய்திருந்தால் இவ்வளவு கச்சிதமாக வராது.

அப்பா 1988இல் உரிமம் வாங்கியவர். நிலக்கடலையும் மக்காச்சோளமும் போடுகிற மலையடிவாரக் காடு எங்களுடையது. பன்றிக் கூட்டம் இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான் அவர் செய்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் காவல் நிலையத்தில் துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தலுக்கு நம் மாநிலத்தில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, எண்ணிக்கை ஜூன் 4. நாம் ஓட்டுப்போட்ட பிறகும் ஆறு வாரத்துக்கு மேல், இமயமலைக்காரர்கள் ஓட்டுப்போட்டு முடிக்கும்வரை, எங்கள் துப்பாக்கி காவல் நிலையத்திலேயே இருந்தது. (அந்த முறை ஆயுத அறையில் இடம் இருந்தது.) பன்றிகளுக்குத் தேர்தல் நடத்தை விதி பொருந்தாததால் அந்தப் போகம் போனது.

பக்கத்து மாநிலத்துக் குடகில் குடகர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமமே வேண்டாம் என்று 2029 வரை மத்திய அரசு விலக்கு கொடுத்திருக்கிறது. எங்களுக்கு விலக்கு வேண்டாம். 2016 ஆயுத விதிகளின் 25ஆவது விதிப்படி, உரிமக்காரருக்கு 70 வயதானாலோ, 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடிருக்கும்போதே வாரிசின் பெயருக்கு உரிமம் கேட்கலாம். அப்பாவுக்கு இரண்டு தகுதியும் இருந்தன. புதுப்பிக்கப் போனபோதெல்லாம் ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. காட்டுக்குள் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை ஒன்றுமில்லை. அவர் படிவம் நிரப்பவில்லை, தேர்தலுக்கு ஒப்படைக்கவில்லை, செத்தால் பொண்டாட்டி சோதனைச் சாவடியில் உட்கார வேண்டியதில்லை. 37 வருடம் வரிசையில் நின்ற மனிதரின் குடும்பம்தான்...

மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

எண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்பது நியாயம்தான். அந்த எண் அப்பாவின் உரிமப் புத்தகத்தில் இருக்கிறது. கடைக்காரரின் பதிவேட்டில் இருக்கிறது, அந்தப் பதிவேட்டைத் தணிக்கை செய்வது உங்கள் அதிகாரிகள்தான். தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் அப்பாவின் உரிமத்துக்குத் தனி அடையாள எண் இருக்கிறது. இவை போதாதென்றால் அந்த நகரத்துக் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் கடைக்கு நேரில் போய்க் குழலைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். வாங்குபவர் தன் உரிமத்தோடு அந்தக் கடைக்கே வந்து பெற்றுக்கொள்வார். எங்கள் வீட்டில் யார் கையும் அந்தத் துப்பாக்கியில் படவேண்டிய தேவையே இல்லை.

ஆகவே, தயவுசெய்து, ஆம் என்றோ இல்லை என்றோ எழுத்தில் ஒரு பதில் கொடுங்கள். இல்லை என்றாலும் பரவாயில்லை, காரணத்தோடு எழுதிக் கொடுங்கள். எங்களுக்கு மட்டுமல்ல, இப்படித் தெரிவிக்கும் ஒவ்வொருவருக்கும் 46ஆம் நாள் அந்தப் பதில் கையில் இருக்கட்டும். விற்கும் விலை 12,000 ரூபாய். அதுவரை கார், கட்டணம், நோட்டரி, வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்த செலவு எல்லாம் சேர்த்து அம்மா ஒரு நோட்டில் எழுதி வருகிறார். அந்தக் கணக்கை நான் உங்களிடம் காட்டப்போவதில்லை.

வருகிற திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். ஒப்புகைச் சீட்டு, வாரிசுச் சான்றிதழ், கடை ரசீது மூன்றும் எடுத்து வருவோம். துப்பாக்கியைக் கொண்டுவர மாட்டோம்.

இப்படிக்கு,
மனுதாரரின் மகள்