பதினைந்து மீட்டர் பின்னால்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. "பத்தாம் நம்பர் இடத்திலிருந்து எடுத்து ஸ்டாப்பருக்கு முன்னால நிறுத்திட்டாங்கப்பா" என்று சொன்னபோது உன் குரல் கம்மிப் போயிருந்தது. ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று கோலுக்கு வழி செய்துகொண்டிருந்த உன்னை, நடு டிஃபெண்டர்களான ஸ்டாப்பர்களுக்கு முன்னால் இறக்கியது உனக்குத் தாங்கவில்லை. போனில் பேசியிருந்தால் ஆறுதல் சொல்லித்தான் முடித்திருப்பேன். இது நிதானமாகப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

இத்தாலியின் கால்பந்து ஆட்டக்காரன் ஆந்த்ரேயா பிர்லோவை உனக்குத் தெரியும். ஆனால் நீ வீடியோவில் பார்த்ததெல்லாம் 2006 உலகக் கோப்பையும் அதற்குப் பிறகும்தான். 22 வயது வரைக்குமான பிர்லோவை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவனும் உன்னைப் போலப் பத்தாம் நம்பர் ஆட்டக்காரன்தான், கண்ணு.

1979இல் ப்ரெஷா நகரத்துக்குப் பக்கத்தில் ஃப்ளேரோ என்ற சிற்றூரில் பிறந்தான். ப்ரெஷா கிளப்பின் இளையோர் அணியில் வளர்ந்தான். 1995 மே 21 அன்று ரெஜ்ஜியானாவுக்கு எதிராக இத்தாலியின் முதல் டிவிஷனான சீரி ஆவில் இறங்கியபோது அவனுக்குப் 16 வயது முடிந்து இரண்டே நாள். அந்த வருடம் ப்ரெஷா இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. அடுத்த சீசனில் அவனுக்குப் பெரிய அணியில் ஒரு லீக் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. மறுபடி இளையோர் அணிக்குப் போய், 1996இல் வியாரெஜ்ஜோ கோப்பையை வென்றான். அதற்குப் பிறகுதான் தொடர்ந்து இடம் கிடைத்தது. ப்ரெஷா மேலே ஏறியது, திரும்ப இறங்கியது.

1998இல் இன்டர் மிலான் வாங்கியது. அங்கே பிரேசில் ரொனால்டோ, பாஜ்ஜோ, ஜோர்காயெஃப், ரெக்கோபா என்று முன்வரிசை முழுக்கப் பெரிய ஆட்கள். அந்த ஒரே சீசனில் நான்கு கோச்சுகள் மாறினார்கள். அணி எட்டாம் இடத்தில் முடிந்தது. பிர்லோவுக்கு 18 லீக் ஆட்டம், கோல் இல்லை. இது திறமைக் குறைவால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. கோச் மாறும்போதெல்லாம் அணியின் அமைப்பும் மாறும். 4-4-2, அதாவது நான்கு டிஃபெண்டர், நடுவில் நான்கு பேர், இரண்டு ஸ்ட்ரைக்கர் என்று போட்டால் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடும் பத்தாம் நம்பருக்கு இடமே கிடையாது. அப்போது முதலில் பெஞ்சுக்குப் போவது வயதில் சின்னவன்தான்.

அடுத்த சீசன் ரெஜ்ஜீனாவுக்கு இரவலாகப் போனான். 28 ஆட்டம், 6 கோல். 2000இல் 21 வயதுக்கு உட்பட்டோர் ஐரோப்பியப் போட்டியில் இத்தாலியின் கேப்டன் அவன்தான். இறுதி ஆட்டத்தில் செக் அணியை 2-1 என்று வென்றார்கள். இரண்டு கோலும் அவனுடையது, ஒன்று பெனால்டி, ஒன்று ஃப்ரீ கிக். இவ்வளவும் செய்துவிட்டு இன்டருக்குத் திரும்பினால் அந்த சீசனில் கிடைத்தது 4 லீக் ஆட்டம். 2001 ஜனவரியில் திரும்பவும் ப்ரெஷாவுக்கு இரவல்.

நீ கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ப்ரெஷாவில் அப்போது பத்தாம் நம்பர், இன்டரில் பார்த்த அதே ராபர்ட்டோ பாஜ்ஜோ, 34 வயது. அவரை யாரும் நகர்த்த முடியாது. கோச் கார்லோ மாட்சோனே பிர்லோவைப் பெஞ்சில் உட்கார வைக்காமல், ஸ்டாப்பர்களுக்கு முன்னால் இறக்கினார். இத்தாலியில் அந்த இடத்து ஆட்டக்காரனை ரெஜிஸ்டா என்பார்கள். சினிமா டைரக்டருக்கும் அங்கே அதே சொல்தான்.

ஏப்ரல் 1 அன்று தூரினில் யுவென்டஸோடு ஆட்டம். பிர்லோ தூரத்திலிருந்து தூக்கிக் கொடுத்த பந்து பாஜ்ஜோவின் தோளுக்கு மேலாக இறங்கியது. ஒரே தொடுதலில் கோல்கீப்பர் வான் டெர் சாரைத் தாண்டி கோல். 1-1. அந்தப் பாஸைப் பத்தாம் நம்பர் இடத்தில் நின்று கொடுக்க முடியாது, கயல். அங்கே நின்றால் டிஃபென்ஸுக்குப் பின்னால் பந்து இறங்குவதற்குத் தூரமே இருக்காது. பின்னால் நின்றவனுக்குத்தான் அந்த வழி தெரியும்.

இனி உன் ஆட்டத்துக்கு வருகிறேன்.

பத்தாம் நம்பராக ஆடும்போது பாதிப் பந்தை எதிர் கோலுக்கு முதுகு காட்டித்தான் வாங்குவாய். பதினைந்து மீட்டர் இறங்கிவிட்டால் ஒட்டி நிற்க ஆள் குறைவு, மைதானம் முழுக்கக் கண்முன்னால். ஆனால் ஸ்டாப்பருக்கு நேராக முகத்தைக் காட்டிப் பந்து வாங்கினால் இந்த லாபம் மொத்தமும் போய்விடும். ஒரு தோள் நம் கோல் பக்கம், இன்னொரு தோள் எதிர் கோல் பக்கம் இருக்கும்படி பக்கவாட்டில் நில். இடது ஸ்டாப்பர் தரும் பந்தை வலது காலால் எடு, வலது ஸ்டாப்பர் தருவதை இடது காலால். முதல் தொடுதலிலேயே பந்து ஒரு மீட்டர் முன்னால் போயிருக்க வேண்டும்.

தோளுக்குப் பின்னால் இரண்டு முறை பார். பந்து ஸ்டாப்பர் காலில் இருக்கும்போது ஒரு முறை, அவள் காலை விட்டுக் கிளம்பி உன்னிடம் வந்துகொண்டிருக்கும்போது இன்னொரு முறை. எல்லோரும் விடுவது இந்த இரண்டாவதைத்தான். எதிராளி ஓடி வருவதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

முன்னால் ஆடும்போது பந்தை விட்டால் உனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இங்கே விட்டால் இரண்டு ஸ்டாப்பரும் கோல்கீப்பரும்தான். அதனால் முதுகில் ஆளை வைத்துக்கொண்டு திரும்பப் பார்க்காதே. ஒரே தொடுதலில் வந்த இடத்துக்கே கொடுத்துவிட்டு மூன்று நான்கு மீட்டர் நகர்ந்து மறுபடி கேள். பின்னால் கொடுத்தால் அசிங்கம் என்று உனக்கு ஒரு எண்ணம் உண்டு, அதை விடும்மா.

நீளமான பாஸில் ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பின்னால் இருக்கட்டும். பந்தின் நடுவுக்குக் கீழே புறங்காலின் உள்பக்கத்தால் அடி. ஊன்றும் கால் முன்னால் போனால் பந்து எழும்பாமல் தரையோடு போகும். உடம்பு ரொம்பப் பின்னால் சாய்ந்தால் உயரத்துக்குப் போகும், எதிரணி ஸ்டாப்பருக்குத் திரும்பி ஓட நேரம் கிடைத்துவிடும். ஸ்ட்ரைக்கர் ஓடத் தொடங்கும் அந்தக் கணத்திலேயே பந்தை விடு. அவள் ஓடியதைப் பார்த்துவிட்டு அடித்தால் ஆஃப்சைடு. 30 மீட்டர் தள்ளி நான்கு கோன் வைத்துக் கட்டம் கட்டு. வலது காலால் 20, இடது காலால் 20. உனக்கு இடது கால் பலவீனம், எண்ணிக்கையைக் குறைக்காதே.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்த இடத்தைத் தனியாக ஆட முடியாது. 2001 கோடையில் ஏசி மிலான் பிர்லோவை வாங்கியது. அங்கேயும் முதல் சீசனில் 18 லீக் ஆட்டம்தான். 2002இல் ரூயி கோஸ்டா, ரிவால்டோ, செடோர்ஃப் எல்லோரும் ஒரே அணியில் இருந்தபோது, கோச் அன்செலோட்டி அவனை ஸ்டாப்பருக்கு முன்னால் நிலையாக வைத்து, வலப்பக்கம் கட்டூசோவையும் இடப்பக்கம் செடோர்ஃபையும் ஆடவிட்டார். பிர்லோவுக்கு வேகம் கிடையாது, பந்தைப் பறிக்கும் வேலையில் பெரும்பங்கு கட்டூசோவுடையது. 2003 மே மாதம் அந்த அணி சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. உன் பக்கத்தில் ஓடப்போகிறவர்கள் யார், ஓரத்து டிஃபெண்டரான சைடு பேக் மேலே ஏறினால் அந்த இடத்தை மூடுவது யார் என்று கோச்சிடம் கூச்சப்படாமல் கேள். பதில் தெரியாமல் ஆட்டத்தில் இறங்காதே.

ஒருத்தியை உன்மேலேயே ஒட்டவைத்தாலும் பயப்படாதே. 2010இல் மான்செஸ்டர் யுனைடெட் பார்க் ஜி சுங்கை அப்படித்தான் பிர்லோமேல் விட்டது, அவனால் மூச்சுவிட முடியவில்லை. உனக்கு அப்படி நேர்ந்தால் அவளையும் இழுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போ. நடுவில் திறக்கும் வழியில் ஸ்டாப்பர் பந்தை எடுத்துக்கொண்டு ஏறட்டும். இதை அவளிடம் முன்கூட்டியே பேசி வை.

அந்த ஏப்ரல் 1 கோலைத் தேடிப் பார். பாஜ்ஜோவைப் பார்க்காமல் பிர்லோவை மட்டும் நான்கைந்து முறை பார். இடது காலில் 20 அடித்தால் கட்டத்துக்குள் எத்தனை விழுகிறது என்று சனிக்கிழமை போன் செய்யும்போது சொல்லு.

அன்புடன்,
அப்பா