யோக் நடுங்கட்டும்: எங்கள் விமானப் பயிற்சி நிலைய நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

சிமியுலேட்டரின் ஸ்டிக் ஷேக்கர் செத்துக் கிடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டோல் நிலை நெருங்கும்போது, யோக் எனும் ஓட்டும் கைப்பிடியை நடுக்கி எச்சரிக்கிற கருவி அது. பழுதுப் புத்தகத்தில் எங்கள் பிரிவில் ஆளுக்கொரு தடவையாவது எழுதிவிட்டோம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "பார்க்கப்படும்" என்று ஒரு கையொப்பம் இருக்கிறது.

கடந்த செவ்வாய்க்கிழமை எனக்கு ஸ்டோல் பயிற்சி. ஷேக்கர் இல்லாததால் இன்ஸ்ட்ரக்டர் சேர் பின்னாலிருந்து தோளை உலுக்கி, "தம்பி, இப்ப ஆடுது எண்டு நினைச்சுக்கொள்ளும்" என்பார். அதுதான் வழக்கமாகிவிட்டது. அன்று அந்த நேரம் பார்த்து அவருக்கு ஒரு போன் கோல் வந்தது. தோளை யாரும் உலுக்கவில்லை. நான் உயரமானியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கையில் யோக் கல்லுப்போல கிடந்தது. விமானத்தின் மூக்கு சரிந்த பிறகுதான் விளங்கியது. என் பதிவேட்டில் "தாமதமான எதிர்வினை" என்று ஏறிவிட்டது. சேரில் எனக்குக் கோபமில்லை. அவர் கை என்ன உதிரிப்பாகமா?

ஷேக்கரைத் திருத்தித் தாருங்கள். அது ஒரு மோட்டாரும் அதன் அச்சில் ஒரு பக்கம் பாரமான துண்டும்தான். கண்ணும் காதும் நிரம்பிவிட்ட நேரத்திலும் கைக்குச் சேதி சொல்லத்தான் அதை வைத்தார்கள். 2009இல் அத்லாந்திக்கில் விழுந்த எயார் பிரான்ஸ் 447 விமானத்தில் ஸ்டோல் எச்சரிக்கை ஒரு கட்டத்தில் 54 செக்கன் விடாமல் ஒலித்தது. 228 பேர் போனார்கள். அந்த ஏ330இன் பக்கக் கைப்பிடி நடுங்குகிற வகையல்ல. நடுங்கியிருந்தால் தப்பியிருப்பார்கள் என்று சொல்ல நான் யார்? காதை மட்டும் நம்பாதே என்று இதையே உதாரணம் காட்டிப் படிப்பித்தது நீங்கள்தான்.

கட்டணத்தை மட்டும் டொலர் ஏறிய அன்றே ஏற்றுகிறீர்கள். வரவேற்பறையில் புது எல்.ஈ.டி. பலகை மினுங்குகிறது. நான் வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானைக்கு வரும் 100ஆம் இலக்க பஸ்ஸில் கியர்க் கம்பி வழிநெடுக இலவசமாக நடுங்குகிறது. அதைக் கழற்றிப் பூட்டினாலும் எங்களுக்குச் சம்மதம்.

மன்னிக்கவும், கேட்க வந்தது இதுவல்ல. தயவுசெய்து ஷேக்கரைத் திருத்துங்கள். திருத்தும்வரை ஸ்டோல் பயிற்சிக்குப் புள்ளி போடாதீர்கள். செவ்வாய்க்கிழமைப் பதிவுக்குப் பக்கத்தில் "ஷேக்கர் இயங்கவில்லை" என்ற இரண்டு சொல்லையாவது சேர்த்துவிடுங்கள். எனது அடுத்த முறை வருகிற வியாழன் காலை.

இப்படிக்கு,
பணிவுடன்,
உங்கள் மாணவன் ஒருவன்